இதய மருத்துவத்துல வர்ற புது ஆராய்ச்சியெல்லாம் எப்படி ஃபாலோ பண்றீங்க?

இரவுப்பணி

வணக்கம் மக்களே. கார்டியாலஜி வார்டுல டியூட்டி டாக்டரா இருக்கேன். புதுசா வர்ற ஆராய்ச்சிய நீங்கல்லாம் எப்படி ஃபாலோ பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அதான் இந்த இழை. மார்ச் ஏப்ரல் வாக்குல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கார்டியாலஜி மாநாடு, ஆகஸ்ட் கடைசில ஐரோப்பிய சொசைட்டி, நவம்பர்ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், நடுவுல ஸ்டென்ட் போடுறவங்களுக்குன்னே டிசிடின்னு ஒரு மாநாடு. மேடையில ரிசல்ட் சொல்லும்போதே ஜர்னல்ல பேப்பர் ஏறிடுது, அடுத்த அரைமணில வாட்ஸப் குரூப்ல கலர் கலரா ஒரு படம், மேல "கேம் சேஞ்சர்"னு தலைப்பு. மறுநாள் ரவுண்ட்ஸ்ல அதப்பத்தி பேச்சு ஓடும், ஆனா பேப்பர முழுசா படிச்சது யாருன்னு கேட்டா ஒருத்தர் கையும் மேல வராது.

2025 ஆகஸ்ட் மாட்ரிட் மாநாடுதான் என்னை ரொம்ப குழப்புச்சு. ஹார்ட் அட்டாக் வந்து, ஆனா பம்பிங் ஓரளவு நல்லா இருக்கிறவங்களுக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் பிரஷரையும் கொறைக்கிற மருந்து) வேணுமா வேணாமா, இதுதான் கேள்வி. ஒரே நாள்ல ரெண்டு பெரிய ட்ரையல், அதாவது மருந்து சோதனை. ஸ்பெயின்லயும் இத்தாலிலயும் பண்ண ரீபூட், 8,505 பேர், பிரயோஜனம் இல்லன்னு வந்துச்சு. நார்வே, டென்மார்க்ல பண்ண பீட்டாமி-டான்பிளாக், 5,574 பேர், பிரயோஜனம் இருக்குன்னு வந்துச்சு. ரெண்டுமே ரேண்டமைஸ்டு (யாருக்கு மருந்து, யாருக்கு இல்லன்னு குலுக்கல்ல பிரிச்சது), ரெண்டுமே நியூ இங்கிலாந்து ஜர்னல்ல. மறுநாள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுறவன் என்னத்த எழுதுறது?

ரெண்டாம்வருஷ_பிஜி

நான் சிம்பிளா ஒண்ணு சொல்றேன் பாஸ், கைட்லைன், அதாவது சிகிச்சை வழிகாட்டி, வர்ற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாது. ஐரோப்பிய சொசைட்டியும் அமெரிக்கன் சொசைட்டியும் இதுக்குன்னே கமிட்டி போட்டு எல்லா பேப்பரையும் படிச்சு கிளாஸ் ஒண்ணு (கண்டிப்பா செய்), ரெண்டு ஏ, ரெண்டு பி, மூணு (செய்யாத)ன்னு பிரிச்சு குடுக்குறாங்க, நாம தனியா உக்காந்து படிச்சு அவங்கள விட நல்லா முடிவெடுக்கப் போறோமா என்ன. இருக்கிற வேலைல சாப்பிடவே நேரம் இல்ல.

எண்ணும்எழுத்தும்

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளு நான், டாக்டர் இல்ல. பிஜி தம்பி சொன்னதுல பாதி சரி. மீதிக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2019ல ஜாமாங்கிற மருத்துவ ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, இதய கைட்லைன்கள்ல இருக்கிற சிபாரிசுகள்ல எத்தனை, ஒண்ணுக்கு மேற்பட்ட ரேண்டமைஸ்டு ட்ரையல் ஆதாரத்தோட இருக்குன்னு எண்ணிப் பாத்தாங்க. அமெரிக்கன் கைட்லைன்கள்ல 8.5 சதவீதம். ஐரோப்பிய கைட்லைன்கள்ல கிட்டத்தட்ட 14. மத்ததெல்லாம் ஒரே ட்ரையல், இல்லன்னா சோதனை பண்ணாம சும்மா கவனிச்சு சேத்த அப்சர்வேஷனல் டேட்டா, இல்லன்னா நிபுணர்கள் கூடிப் பேசி ஒத்துக்கிட்டது. கைட்லைன் தப்புன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. ஆனா சிபாரிசுக்கு பக்கத்துலயே ஆதாரம் எவ்வளவு பலம்னு காட்ட ஏ, பி, சின்னு ஒரு எழுத்து இருக்கு பாருங்க, அத யாரும் படிக்கிறதே இல்ல. கிளாஸ் ஒண்ணுன்னு பாத்த உடனே கண்ண மூடிடுறாங்க. கிளாஸ் ஒண்ணு, லெவல் சின்னா "கண்டிப்பா செய், ஆனா ஆதாரம் எங்க அனுபவம்தான்"னு அவங்களே எழுதி குடுத்திருக்காங்க. அந்த சி போட்ட இடத்துலதான் நாளைக்கு ஒரு ட்ரையல் வந்து எல்லாத்தையும் புரட்டும்.

பழைய_ஸ்டெத்

எண்ணும்எழுத்தும் சொன்னதுக்கு என் தலைமுறையில இருந்தே உதாரணம் தரேன். கார்டியோஜெனிக் ஷாக்னா (இதயம் பம்ப் பண்ண முடியாம ரத்த ஓட்டம் விழுந்துடுற நிலை) மகாதமனில பலூன் பம்ப் போடுன்னுதான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. ரொம்ப வருஷம் கைட்லைன்ல பலமான சிபாரிசா இருந்துச்சு. 2012ல அந்த பலூன் பம்ப சோதிச்ச ஐஏபிபி-ஷாக் டூ ட்ரையல் வந்துச்சு, 600 பேர், முப்பது நாள்ல இறந்தவங்க பலூன் போட்டவங்கள்ல 39.7 சதவீதம், போடாதவங்கள்ல 41.3. வித்தியாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் கைட்லைன் எறங்கி வந்துச்சு. 2024ல டேஞ்சர் ஷாக் ட்ரையல், அதுல இதயத்துக்குள்ளயே வெக்கிற குட்டி பம்பான மைக்ரோ ஆக்சியல் பம்ப், 180 நாள்ல இறப்பு 58.5ல இருந்து 45.8க்கு எறங்குச்சு. ஷாக்ல உயிர காப்பாத்துற எண்ணிக்கை இவ்வளவு பெருசா வர்றது அபூர்வம், எனக்கு படிக்கும்போது நெஜமாவே மனசு நிறைஞ்சுது. ஆனா அந்த ட்ரையல்ல யார சேத்தாங்கன்னு பாருங்க. ஸ்டெமி (ரத்தக்குழாய் முழுசா அடைக்கிற பெரிய ஹார்ட் அட்டாக்) வந்து ஷாக்குக்கு போனவங்க மட்டும், இதயம் நின்னு அரெஸ்ட் ஆகி கோமால இருக்கிறவங்கள சேக்கவே இல்ல. ரத்தக்கசிவும் கால்ல ரத்த ஓட்டம் தடைபடுறதும் பம்ப் குரூப்ல அதிகம். வாட்ஸப் படத்துல 45.8 மட்டும் பெருசா இருக்கும். யாருக்குன்னு இருக்கிறது அடில பொடி எழுத்துல.

தம்பி இரவுப்பணி, உங்க கேள்விக்கு வர்றேன். எல்லாத்தையும் படிக்கணும்ங்கிற எண்ணத்த மொதல்ல விட்டுடுங்க, அது யாராலயும் ஆகாது. நான் பண்றது இதுதான். மாநாட்டுக்கு சில வாரம் முன்னாடியே ஹாட்லைன் செஷன் (பெரிய ட்ரையல் ரிசல்ட்ட முதல்ல சொல்ற அமர்வு) பட்டியல் வந்துடும். அதுல என் பேஷன்ட்ஸுக்கு சம்பந்தம் உள்ளத மட்டும் ரெண்டு மூணு எடுத்துக்குவேன். பெரிய ட்ரையல்னா அத எப்படி நடத்துறாங்கன்னு சொல்ற டிசைன் பேப்பர்னு தனியா ஒண்ணு பெரும்பாலும் முன்னாடியே வந்திருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அத படிச்சிட்டு ஒரு தாள்ல எழுதி வெச்சிருவேன்: என்ன ரிசல்ட் வந்தா நான் இப்ப செய்றத மாத்துவேன், என்ன வந்தா மாத்த மாட்டேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு அந்த தாள எடுத்துப் பாப்பேன். ரிசல்ட்ட பாத்ததுக்கு அப்புறம் யோசிச்சா நம்ம மனசு ஏற்கனவே புடிச்சத நியாயப்படுத்த ஆரம்பிச்சுடும், மேடையில கைதட்டல் வேற. முன்னாடியே எழுதி வெச்சா அந்த இழுப்பு கொஞ்சம் கொறையும்.

சிசியூ_சிஸ்டர்

டாக்டர்ஸ் பேசுற இடத்துல நர்ஸ் ஒண்ணு சொல்லலாமா. நீங்கல்லாம் பேப்பர் படிக்கிறத பத்தி பேசுறீங்க, படிச்சது பெட் பக்கத்துக்கு எப்ப வருதுன்னு யாரும் பேசல. நெஞ்சுவலின்னு வந்தா உடனே மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின்னு நாங்க மனப்பாடமா படிச்சவங்க. 2015ல ஆஸ்திரேலியாவுல அவாய்ட் ட்ரையல், அதுல ஆக்சிஜன் குடுத்தவங்களுக்கு இதய தசை சேதம் கூட இருக்கலாம்னு வந்துச்சு. 2017ல ஸ்வீடன்ல டீடாக்ஸ், 6,629 பேர், சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, சதவீதத்துல) 90ம் அதுக்கு மேலயும் இருக்கிறவங்க, ஒரு வருஷத்துல இறந்தவங்க ஆக்சிஜன் குடுத்த பக்கம் 5.0 சதவீதம், குடுக்காத பக்கம் 5.1. ஒரு வித்தியாசமும் இல்ல. சாச்சுரேஷன் நல்லா இருந்தா வேணாம்னு கைட்லைனும் மாறிடுச்சு.

ஆனா நான் பாத்த ஒரு இடத்துல ரொம்ப காலம் அட்மிஷன் ஆர்டர் ஷீட்ல "ஓ2 4 லிட்டர்"னு அச்சடிச்சே இருந்துச்சு. டாக்டர் கையெழுத்து போடுவார், நாங்க மாஸ்க் போடுவோம், சாச்சுரேஷன் 98 காட்டிட்டு இருக்கும். அந்த டாக்டர்கிட்ட கேட்டா டீடாக்ஸ் பத்தி அழகா சொல்லுவார். அவருக்கு தெரியும், ஷீட்டுக்கு தெரியாது. புது பேப்பர் வந்தா மொதல்ல எந்த ஷீட்ட, எந்த புரோட்டோகால மாத்தணும்னு கேளுங்க, எங்களயும் ஜர்னல் கிளப்புக்கு கூப்பிடுங்க. ராத்திரி மூணு மணிக்கு பெட் பக்கத்துல நிக்கிறது நாங்கதான்.

இரவுப்பணி

சிஸ்டர் நீங்க சொன்னது சுருக்குன்னு தைக்குது. எங்க ஆர்டர் ஷீட்ட நாளைக்கே எடுத்துப் பாக்குறேன்.

அப்பாவின்_மகள்

மன்னிக்கணும், நான் மருத்துவத்துறை இல்ல. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சிருக்கு, மெட்டோப்ரோலால்ங்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறாங்க. ஒரு வீடியோல பீட்டா பிளாக்கர் வேஸ்ட்டுன்னு ஆராய்ச்சில நிரூபிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க, அப்பாவுக்கு அந்த மாத்திரையால அசதியா இருக்கு, நிறுத்திடலாம்ங்கிறாங்க. இங்க நீங்க பேசுறதும் அதே ட்ரையல் மாதிரி தெரியுது. நிறுத்தலாமா?

பழைய_ஸ்டெத்

அம்மா, நீங்களா நிறுத்தாதீங்க, அதுவும் திடீர்னு நிறுத்தவே கூடாது. இந்த மருந்த சட்டுனு நிறுத்தினா துடிப்பும் பிரஷரும் எகிறி நெஞ்சுவலி வரலாம். அப்பாவோட எக்கோ ரிப்போர்ட்ட எடுங்க, அதுல ஈஎஃப்னு ஒரு எண் இருக்கும், சதவீதத்துல, இதயம் எவ்வளவு நல்லா பம்ப் பண்ணுதுங்கிற கணக்கு. இந்த விவாதமே அந்த எண்ணச் சுத்திதான் நடக்குது. 40க்கு கீழன்னா பீட்டா பிளாக்கர் அவசியம், அதுல சர்ச்சையே கிடையாது, இந்த புது ட்ரையல்கள்ல அவங்கள சேக்கவும் இல்ல. அதோட படபடப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கிற ஒழுங்கில்லாத துடிப்பு, நெஞ்சுவலி, பிரஷர்னு வேற காரணத்துக்காகவும் அத குடுத்திருக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு. ஆரம்பிக்க வேணுமாங்கிறது ஒரு கேள்வி, சாப்பிட்டுட்டு இருக்கிறத நிறுத்தலாமாங்கிறது வேற கேள்வி. ரீபூட் பாத்தது முதல் கேள்விய. ரெண்டாவத பிரான்ஸ்ல 2024ல அபிஸ்னு ஒரு ட்ரையல்ல பாத்தாங்க, 3,698 பேர். நிறுத்தினவங்க தொடர்ந்தவங்கள விட மோசமா போகலன்னு அதுல நிரூபிக்க முடியல, இதயப் பிரச்சனைன்னு ஆஸ்பத்திரில சேர்றது நிறுத்தின பக்கம் கொஞ்சம் கூட இருந்துச்சு, வாழ்க்கைத் தரமும் நிறுத்தினதால கூடல. அசதிய டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க, டோஸ் கொறைக்கலாமா, வேற மருந்துக்கு மாத்தலாமா, மெதுவா நிறுத்த முடியுமான்னு அவர் பாப்பார். ஈஎஃப் எவ்வளவுன்னு கேக்க மறக்காதீங்க.

அப்பாவின்_மகள்

ரொம்ப நன்றி சார். ரிப்போர்ட்ல 45னு போட்டிருக்கு.

எண்ணும்எழுத்தும்

மேடம், அந்த 45 ரொம்ப முக்கியமான எண். நான் டாக்டர் இல்ல, அப்பாவுக்கு என்ன செய்யணும்னு சொல்ல மாட்டேன், ஆராய்ச்சில என்ன இருக்குன்னு மட்டும் சொல்றேன். அதே மாட்ரிட் மாநாட்டுலயே லான்செட் ஜர்னல்ல இன்னொரு பேப்பர் வந்துச்சு, அது வைரல் ஆகல. இந்த ட்ரையல்கள்ல ஈஎஃப் 40ல இருந்து 49 வரை இருந்த 1,885 பேரோட டேட்டாவ ஆள் ஆளா ஒண்ணு சேத்து பாத்தாங்க. அவங்களுக்கு பீட்டா பிளாக்கரால இறப்பு, மறு அட்டாக், ஹார்ட் ஃபெயிலியர் சேந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட கால்வாசி கொறைஞ்சிருந்துச்சு. அப்பா அந்த வரிசைல வர்றாங்க. வீடியோ போட்டவர் இத சொல்லிருந்தா உங்களுக்கு இந்த குழப்பமே வந்திருக்காது, எனக்கு இந்த மாதிரி வீடியோ மேல உண்மையிலேயே கோவம் வருது.

இரவுப்பணிக்கும் இதுதான் பதில். மாட்ரிட்ல ரெண்டு ட்ரையல் அடிச்சுக்கிட்ட மாதிரி தெரிஞ்சுதே, உள்ள போய் பாருங்க. ரெண்டுலயும் இறப்புல வித்தியாசம் இல்ல, பீட்டாமி-டான்பிளாக்ல 4.2க்கு 4.4. அங்க பிரயோஜனம் வந்தது பெரும்பாலும் மறு அட்டாக்ல, 5.0க்கு 6.7. தவிர ரெண்டு பேரும் வெச்ச பிரைமரி எண்ட்பாயிண்டே (மருந்து வேலை செஞ்சுதான்னு முடிவு பண்ண எண்ணுற முக்கிய விளைவு) வேற. ரீபூட்ல இறப்பு, மறு அட்டாக், ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிஷன், மூணுதான். பீட்டாமி-டான்பிளாக்ல அதோட ஸ்ட்ரோக், திட்டமிடாத ஸ்டென்ட், ஆபத்தான அரித்மியா (துடிப்பு கோளாறு) எல்லாம் சேத்தாங்க. அப்புறம் நவம்பர்லயே அஞ்சு ட்ரையல் டேட்டாவ சேத்து, ஈஎஃப் 50ம் அதுக்கு மேலயும் உள்ள சுமார் 17,800 பேர வெச்சு ஒரு பேப்பர், அவங்களுக்கு பிரயோஜனம் தெரியல. ஆக ஆகஸ்ட்ல முட்டுன மாதிரி இருந்தது நவம்பர்ல ஒரு ஒழுங்குக்கு வந்துடுச்சு. 50க்கு மேலன்னா தேவை கொறைவு, 40களில் இருந்தா வேணும்னு தெரியுது. மூணு மாசம் பொறுத்தவங்க யாரும் எதையும் இழக்கல.

ரெண்டாம்வருஷ_பிஜி

சரி அண்ணா ஒத்துக்குறேன், ஆனா ரீபூட்ல பெண்களுக்கு பீட்டா பிளாக்கர் ஆபத்துன்னு தனியா ஒரு நியூஸ் ஓடுச்சே, அத எப்படி எடுத்துக்கிறது?

எண்ணும்எழுத்தும்

அது சப்குரூப், அதாவது ட்ரையல்ல இருந்தவங்கள்ல ஒரு பகுதிய மட்டும் பிரிச்சு பாத்தது. யோசனையா எடுத்துக்கலாம், முடிவா எடுத்துக்க முடியாது. 1988ல லான்செட்ல ஐசிஸ்-2ன்னு வந்துச்சு, 17,187 பேர், ஹார்ட் அட்டாக்ல ஆஸ்பிரின் உயிர காப்பாத்துதுன்னு உறுதி பண்ண ட்ரையல். ஜர்னல்காரங்க சப்குரூப் வாரியா பிரிச்சு காட்டச் சொன்னாங்க. அவங்களும் ராசி வாரியா பிரிச்சு அந்த பேப்பர்லயே போட்டாங்க. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரினால பிரயோஜனம் இல்ல, மத்த பத்து ராசிக்கும் நல்ல பிரயோஜனம். கூறு போட்டுக்கிட்டே போனா எங்கயாவது இப்படி ஒண்ணு தானா கெடைக்கும்னு காட்டத்தான் அப்படி செஞ்சாங்க. பெண்கள் விஷயம் ராசி மாதிரி அர்த்தமில்லாததுன்னு நான் சொல்லல, உடம்பு ரீதியா காரணம் இருக்கலாம், இதய ட்ரையல்கள்ல பெண்கள் எப்பவுமே கொறைவா சேக்கப்படுறது பெரிய அநியாயம்னும் நெனைக்கிறேன். அதனாலேயே அவங்களுக்குன்னு ஒழுங்கா கேட்ட கேள்வியும் ஒழுங்கான பதிலும் வேணும்.

மாத்திரைக்கட்டு

கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் நான். ஒரு விஷயம் எல்லாரும் விட்டுட்டீங்க. நல்ல செய்தி மாநாட்டுல வரும், கெட்ட செய்தி மாநாட்டுல பெரும்பாலும் வராது. மருந்தோட பாதிப்பு அமெரிக்காவோட எஃப்டிஏ, ஐரோப்பாவோட ஈஎம்ஏ மாதிரி மருந்து கட்டுப்பாட்டு அமைப்புகளோட சேஃப்டி அறிவிப்பா, லேபிள் மாற்றமா சத்தமில்லாம வரும். எஸ்ஜிஎல்டி2 மருந்துகள (சுகருக்கு வந்து இப்ப ஹார்ட் ஃபெயிலியருக்கும் குடுக்குற மாத்திரைங்க) எடுத்துக்கோங்க. 2019ல அதுல ஒண்ணான டாப்பாக்ளிஃப்ளோசின சோதிச்ச டாப்பா-ஹெச்எஃப் ட்ரையல், 4,744 பேர், இதய இறப்பு இல்லன்னா ஹார்ட் ஃபெயிலியர் மோசமாகுறது 21.2ல இருந்து 16.3 சதவீதத்துக்கு வந்துச்சு. அருமையான மருந்து, இன்னிக்கு ஹார்ட் ஃபெயிலியர் வார்டுல கிட்டத்தட்ட எல்லா சார்ட்லயும் இருக்கு. ஆனா திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடி டாப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசின்னா குறைஞ்சது மூணு நாள், எர்டுக்ளிஃப்ளோசின்னா நாலு நாள் நிறுத்தணும்னு 2020ல எஃப்டிஏ லேபிள்ல சேத்துச்சே, அது எத்தனை பேருக்கு தெரியும்? சுகர் நார்மலா காட்டும், உள்ளுக்குள்ள கீட்டோஆசிடோசிஸ் (ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்தான நிலை) ஓடிட்டு இருக்கும். குளுக்கோமீட்டர் 160 காட்டுதுன்னு நிம்மதியா இருப்பீங்க, பேஷன்ட் மூச்சு வாங்கிட்டு வாந்தி எடுத்துட்டு இருப்பார். டாப்பா-ஹெச்எஃப் பத்தி பத்து ஸ்லைடு வந்துச்சு, இந்த லேபிள் பத்தி ஒண்ணு கூட வரல. இந்த அமைப்புகளோட ஈமெயில் அலர்ட்டுக்கு ஃப்ரீயா சைன் அப் பண்ணலாம், பண்ணுங்க.

இரவுப்பணி

மேற்கோள்: "21.2ல இருந்து 16.3"

இந்த எண்ண எப்படி படிக்கிறதுன்னு யாராவது கொஞ்சம் விரிவா சொல்லுங்களேன். 26 சதவீதம் கொறைஞ்சுதுன்னு ஒரு இடத்துல, 5 சதவீதம்னு இன்னொரு இடத்துல பாக்குறேன்.

எண்ணும்எழுத்தும்

ரெண்டும் நெஜம். நூறு பேர்ல மருந்து இல்லாம 21 பேருக்கு நடந்தது மருந்தோட 16 பேருக்கு நடந்துச்சு. நூத்துக்கு அஞ்சு பேர் தப்பிச்சாங்க, இது அப்சல்யூட். இருந்த ஆபத்துல எத்தனை பங்கு போச்சுங்கிறது ரிலேட்டிவ், டாப்பா-ஹெச்எஃப்ல ஹசார்டு ரேஷியோ (ரெண்டு பக்க ஆபத்தோட விகிதம்) 0.74, அதான் 26 சதவீதம்னு சொல்றாங்க. ஒருத்தர காப்பாத்த எத்தனை பேருக்கு குடுக்கணும்னா கிட்டத்தட்ட 21 பேருக்கு, அதுவும் ஒன்றரை வருஷ அளவுலயே. இது ரொம்ப நல்ல எண்.

இத 2023ல வந்த செலக்ட் ட்ரையல் பக்கத்துல வையுங்க. எடை கொறைக்கிற ஊசி மருந்து செமாக்ளூடைட், 17,604 பேர், சுகர் இல்லாத, எடை கூடின, ஏற்கனவே இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவங்க. தலைப்பு "இதய இறப்பு, அட்டாக், ஸ்ட்ரோக் 20 சதவீதம் கொறைஞ்சுது". உள்ள 8.0ல இருந்து 6.5. நூத்துக்கு ஒன்றரை பேர், மூணு வருஷத்துக்கு மேல. ஒருத்தருக்காக சுமார் 67 பேர். மருந்து ஒத்துக்காம நிறுத்தினவங்க 16.6 சதவீதம், பிளசீபோ (மருந்தில்லாத போலி ஊசி) பக்கம் 8.2. மோசமான மருந்துன்னு சொல்ல வரல, நல்ல மருந்துதான். ஆனா 26ம் 20ம் பக்கத்து பக்கத்து எண் மாதிரி தெரியுதுல்ல, பேஷன்ட் முன்னாடி உக்காந்து பேசும்போது ரெண்டும் எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க. தலைப்புல சதவீதம் பாத்தா உடனே டேபிள் ரெண்டுக்கு போங்க, ரெண்டு குரூப்லயும் எத்தனை பேருக்கு நடந்துச்சுன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. அப்புறம் ரெண்டு குரூப்பையும் கோடா வரைஞ்ச கர்வ் படத்துல இடது பக்க அச்சு நூறு வரை போகுதா இல்ல பத்துலயே நிக்குதான்னு ஒரு பார்வை. பத்துல நின்னா சின்ன இடைவெளியும் மலை மாதிரி தெரியும்.

ரெண்டாம்வருஷ_பிஜி

இப்ப ஏஐ கிட்ட பேப்பர குடுத்தா அஞ்சு வரில சுருக்கி குடுத்துடுதே, அது போதாதா?

மாத்திரைக்கட்டு

சுருக்க மட்டும்னா பரவால்ல, மொழி புரியாத இடத்துக்கும் உதவும். ஆனா பேப்பர குடுக்காம "இந்த மருந்துக்கு ஆதாரம் என்ன"ன்னு கேட்டா இல்லாத பேப்பர இருக்கிற மாதிரி எழுதி குடுக்கும், ஆசிரியர் பேர், வருஷம் எல்லாம் பொருத்தமா இருக்கும். மருத்துவ பேப்பர்கள் பட்டியலான பப்மெட்ல தேடி கெடைக்கலன்னா அந்த பேப்பர நம்பாதீங்க. இருக்கிற பேப்பர்லயே வாபஸ் வாங்கினது உண்டு. 2020 ஜூன்ல சர்ஜிஸ்பியர்ங்கிற கம்பெனியோட டேட்டா விவகாரம், கோவிட்ல இதய நோயும் பிரஷர் மருந்தும் பத்தின நியூ இங்கிலாந்து பேப்பரும் லான்செட் பேப்பரும் ஒரே நாள்ல வாபஸ் ஆச்சு, டேட்டாவ யாருக்கும் காட்டவே முடியல. ஜொட்டேரோங்கிற சாஃப்ட்வேர்ல பேப்பர் சேமிச்சு வெச்சா வாபஸ் ஆனதுக்கு செவப்புல எச்சரிக்கை காட்டும், நான் அதான் யூஸ் பண்றேன்.

பழைய_ஸ்டெத்

பிஜி தம்பி, சுருக்கத்துல விட்டுப்போறதுதான் பல நேரம் முக்கியமானது. காஸ்ட் ட்ரையல் பத்தி சொல்றேன், ஒவ்வொரு வருஷமும் புது பசங்களுக்கு இத சொல்லாம விடமாட்டேன். ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு இதயத்தோட கீழ் அறையான வென்ட்ரிக்கிள்ல எக்ஸ்ட்ரா பீட் நெறைய வந்தா சாவு அதிகம்னு தெரியும். ஃப்ளெக்கனைடு, என்கனைடுங்கிற மருந்துகள் அந்த பீட்ட சுத்தமா அடக்கும், இசிஜி பாக்க அழகா ஆயிடும். அப்ப குடுத்தா சாவு கொறையணும்ல? யோசிச்சுப் பாத்தா தப்பே சொல்ல முடியாது, உலகம் பூரா குடுத்துட்டு இருந்தாங்க. சோதிச்சுப் பாத்தாங்க. 1991ல வந்த முழு அறிக்கைல மருந்து சாப்பிட்ட 755 பேர்ல 63 பேர் இறந்திருந்தாங்க, பிளசீபோ 743 பேர்ல 26 பேர். மானிட்டர்ல அவ்வளவு ஒழுங்கா ஓடுற இசிஜி, அந்த பேஷன்ட் செத்துப்போறார். இத படிச்ச அன்னில இருந்து ஒரு மருந்து ஏதோ ஒரு எண்ண சரி பண்ணுதுன்னு சொன்னா, ஆள் பொழைக்கிறாரான்னுதான் திருப்பி கேக்குறேன்.

டார்செட்ராபிப்ங்கிற கொலஸ்ட்ரால் மருந்து இன்னொண்ணு. நல்ல கொலஸ்ட்ரால்ங்கிற ஹெச்டிஎல்ல 72 சதவீதம் ஏத்துச்சு, கெட்டத 25 சதவீதம் எறக்குச்சு. 15,067 பேர் ட்ரையல்ல இறப்பு 59க்கு 93, மருந்து பக்கம்தான் 93. 2006ல நிறுத்திட்டாங்க.

எண்ணும்எழுத்தும்

சார் சொன்னதோட ஒரு சேர்க்கை. 2015ல ஒரு ஆய்வு, அமெரிக்க அரசோட இதய ஆராய்ச்சி நிறுவனம் பணம் போட்ட பெரிய ட்ரையல்கள எடுத்துப் பாத்தாங்க. 2000க்கு முன்னாடி 30ல 17 ட்ரையல் பிரயோஜனம்னு காட்டுச்சு. அதுக்கப்புறம் 25ல 2. நடுவுல என்ன மாறுச்சுன்னா, என்னத்த அளக்கப் போறோம்னு முன்கூட்டியே கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ்ங்கிற அமெரிக்க அரசு வெப்சைட்ல பதிவு பண்றது வந்துச்சு. ரிசல்ட் வந்த பிறகு நல்லா தெரியுற எண்ட்பாயிண்ட்ட முன்னால கொண்டு வர முடியாம போச்சு. அதனாலதான் எந்த பேப்பர் படிச்சாலும் அந்த பதிவு பக்கத்துல "ஹிஸ்டரி"ய திறந்து பாருங்கன்னு சொல்றேன், பிரைமரி எண்ட்பாயிண்ட் எப்ப மாத்தப்பட்டுச்சுன்னு தேதியோட இருக்கும். அஞ்சு நிமிஷ வேலை.

சிசியூ_சிஸ்டர்

எனக்கு புரியற மாதிரி கேக்குறேன் சார், ரிசல்ட் வராத ஒரு ட்ரையல எடுத்து நீங்க சொன்ன மாதிரி முன்னாடியே எழுதிக் காட்டுங்களேன், நாங்களும் சேந்து பழகுவோம்.

பழைய_ஸ்டெத்

நல்ல யோசனை சிஸ்டர். ஹொரைசன்னு ஒரு ட்ரையல், ரத்தத்துல கொலஸ்ட்ரால் சுமக்குற லிப்போபுரோட்டீன் ஏங்கிற துகள் பத்தி. பரம்பரையா வர்ற விஷயம், சாப்பாட்டாலயோ நடையாலயோ பெருசா கொறையாது, ஸ்டாட்டினாலயும் கொறையாது. பெலகார்சன்னு மாசத்துக்கு ஒரு ஊசி, 80 மில்லிகிராம், தோலுக்கு அடியில. ஏற்கனவே இதய நோய் இருந்து லிப்போபுரோட்டீன் ஏ டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம்க்கு மேல உள்ளவங்க, 8,323 பேர். எண்ட்பாயிண்ட் இதய இறப்பு, அட்டாக், ஸ்ட்ரோக், அவசரமா ஸ்டென்ட் இல்லன்னா பைபாஸ்.

நான் தாள்ல எழுதினது இது. ஒண்ணு, லிப்போபுரோட்டீன் ஏ எவ்வளவு எறங்குச்சுங்கிற வரிய நான் பாக்க மாட்டேன், அது எறங்கும்னு 2020லயே தெரியும், டார்செட்ராபிப்பும் எண்ண சரி பண்ணுச்சு. ரெண்டு, அவசர ஸ்டென்ட் மட்டும் கொறைஞ்சு அட்டாக்கும் இறப்பும் அப்படியே இருந்தா என் பழக்கத்த மாத்த மாட்டேன், ஏன்னா அவசரம்னு முடிவு பண்றதுல டாக்டர் மனசும் சேந்திருக்கு. மூணு, அட்டாக்கும் இறப்பும் ஒரே பக்கமா எறங்கி, அப்சல்யூட் வித்தியாசம் நூத்துக்கு ரெண்டாவது இருந்தா, என் பேஷன்ட்ஸ்ல அட்டாக் வந்த எல்லாருக்கும் இந்த டெஸ்ட்ட எடுக்க ஆரம்பிப்பேன். இப்பவே வாழ்நாள்ல ஒரு தடவை எடுக்கலாம்னு ஐரோப்பிய கைட்லைன் சொல்லுது, நாம எடுக்குறது இல்ல.

இரவுப்பணி

சார் டிசைன் பேப்பர்ல 70க்கு மேல ஒரு குழு, 90க்கு மேல ஒரு குழுன்னு ரெண்டு இருக்கே. அது சப்குரூப் இல்லையா?

எண்ணும்எழுத்தும்

இல்ல, முன்னாடியே பிரைமரின்னு அறிவிச்சது, அதனால ரெண்டுக்கும் புள்ளியியல் பட்ஜெட்ட (தற்செயலா பலன் மாதிரி தெரிஞ்சுடுறதுக்கு அனுமதிக்கிற அளவ) பிரிச்சு வெச்சிருப்பாங்க. 90 குழுவுல மட்டும் பலன் வந்தாலும் அது செல்லும். ஆனா அப்ப 70க்கும் 90க்கும் நடுவுல இருக்கிறவங்களுக்கு குடுக்கலாமான்னு உங்க தாள்ல இப்பவே ஒரு வரி எழுதிடுங்க, ஏன்னா கம்பெனி ஸ்லைடுல ரெண்டையும் சேத்துதான் காட்டுவாங்க.

இரவுப்பணி

எழுதிட்டேன்: 90ல மட்டும் வந்தா 90க்கு மட்டும். வார்டு நோட்டீஸ் போர்டுலயும் ஒரு காப்பி ஒட்டப்போறேன். சிஸ்டர், ஆர்டர் ஷீட் பாத்தேன், எங்களுதுலயும் ஓ2 அச்சடிச்சே இருக்கு. "சாச்சுரேஷன் 90க்கு கீழன்னா மட்டும்"னு மாத்தச் சொல்லி துறைத்தலைவர் ஹெச்ஓடிகிட்ட குடுத்திருக்கேன், கூடவே டீடாக்ஸ் பேப்பரோட முதல் பக்கத்தையும் வெச்சேன்.

சிசியூ_சிஸ்டர்

நல்லது டாக்டர். பழைய ஷீட் கட்டு மிச்சம் இருக்கும், அதையும் ஸ்டோர்ல இருந்து எடுத்துடச் சொல்லுங்க, இல்லன்னா அது தீர்ற வரைக்கும் அதுதான் வரும்.